மணிக்கட்டைப் பிடித்த கை

அத்தியாயம் 11

பலகை பேச ஆரம்பித்ததிலிருந்து ஆர்லன் மட்டிலாவின் வீட்டில் மற்றவர்கள் பேசுவது குறைந்துபோயிருந்தது.

சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிதான பிளாஸ்டிக் பலகை. அதில் கொட்டை கொட்டையாக எழுத்துகள். ஆர்லனின் மனைவி க்வென்னின் அக்கா நோரீன், கிரீன் பே நகரில் ஒரு வார இறுதி வகுப்பில் கற்றுக்கொண்டு, தன் துணிப் பெட்டியோடு இந்த வீட்டில் கொண்டுவந்து இறக்கியது. மகள் பிரிட்டாவின் மணிக்கட்டை லேசாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் விரல் எழுத்து எழுத்தாகத் தொடும். தொட்டதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அவ்வளவுதான்.

பிறந்ததிலிருந்து வாய் திறந்து ஒரு வாக்கியம் பேசியிராத பெண், பதின்மூன்றாவது வயதில், "அம்மா, நான் உள்ளேதான் இருக்கிறேன்" என்று தொட்டுச் சொன்னாள். க்வென் அன்று அழுத அழுகைக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஆர்லனுக்கும் ஒரு வாக்கியம் கிடைத்தது. "அப்பாவின் கரி படிந்த கைகள் எனக்குப் பிடிக்கும்." பனிவண்டிகளுக்கும் படகுகளுக்கும் என்ஜின் பழுது பார்க்கிறவன் அவன். பட்டறையில் யாரும் இல்லாத நேரத்தில் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் பலகை சொன்னதுதான் இன்றைய நாளை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. "டேப்லெட் சின்னக் குழந்தைகளுக்கு. அதை எடுத்துவிடுங்கள்."

பள்ளியில் ஓடெட் டீச்சர் பழக்கிய டேப்லெட் அது. படத்தைத் தொட்டால் அது வாய்விட்டுப் பேசும். தண்ணீர், வேண்டாம், காது வலி. யாரும் கை பிடிக்காமல் பிரிட்டா தானே தொடுவாள். அந்தச் சில சொற்களுக்கு வருடக்கணக்கான பாடு. இன்று பிற்பகல் பள்ளியில் கூட்டம்; பிரிட்டாவைக் காலையில் வகுப்புக்கு அனுப்பவில்லை. டேப்லெட்டை எடுத்துவிட்டு இனி வகுப்பிலும் பலகையையே வைக்கும்படி க்வென் கேட்கப் போகிறாள். அப்பாவும் அம்மாவும் ஒரே குரலில் கேட்டால் பள்ளிக்கூடம் எதிர்த்து நிற்காது என்பது நோரீனின் கணக்கு.

ஆர்லன் தலையாட்டி வைத்திருந்தான்.

*

"ஆர்லன், இவளைக் கொஞ்ச நேரம் வெளிய கூட்டிட்டுப் போயேன். கூட்டத்துல என்ன பேசறதுன்னு நானும் அக்காவும் ஒரு தடவை பார்த்துக்கறோம்." க்வென் காலையிலிருந்தே ஒரு இடத்தில் உட்காரவில்லை. கையில் இருந்த காபி ஆறி ஏடு கட்டியிருந்தது. "துறைமுகத்துக்குப் போங்க. வாத்துக்கு மக்காச்சோளம் போட்டுட்டு வாங்க."

"அங்க வாத்துகிட்டயாவது நாலு வார்த்தை பேசிட்டு வாப்பா," என்றாள் நோரீன், ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டபடி. "உன் வாயைத் திறக்க ஒரு தனி ஸ்பேனர் வேணும் போலிருக்கு."

"வாத்து பதில் சொல்லும். அதான் பயமா இருக்கு."

க்வென் சிரிக்கவில்லை. பிரிட்டாவின் கோட்டு ஜிப்பை மேலே இழுத்துவிட்டு, டேப்லெட்டை மேசையிலேயே விட்டுவிடுமாறு ஆர்லனுக்குக் கண் காட்டினாள். பிரிட்டா அதற்குள் அதை எடுத்து வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

துறைமுகச் சாலையின் திருப்பத்தில் போலீஸ் வண்டி குறுக்கே நின்றது. ஆர்லன் கண்ணாடியை இறக்கினான். கூடப் படித்த லைல்தான் காவலுக்கு நின்றான்.

"போக முடியாது மாமே. ராத்திரி அடிச்ச காத்துல ஏரிப் பனிக்கட்டி மொத்தமும் கரையேறி ரோட்டு மேல குவிஞ்சு கிடக்கு. என் உயரம் இருக்கு. அதைப் படம் எடுக்க வேற ஊரே கிளம்பி வருது."

"வாத்தெல்லாம்?"

"அதுங்களுக்கு உன்னைவிட புத்தி ஜாஸ்தி. எப்பவோ பறந்துடுச்சு."

வண்டியைத் திருப்பியதும் பிரிட்டா ஆட ஆரம்பித்தாள். முன்னும் பின்னும். தொண்டைக்குள் இருந்து ஒரு ரீங்காரம். போகிறோம் என்ற இடத்துக்குப் போகாவிட்டால் அவளுக்கு உலகம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அடுத்தது கத்தல், அதற்கடுத்தது தன் கையைத் தானே கடிப்பது என்று ஆர்லனுக்குத் தெரியும்.

வண்டியை ஓரம் கட்டினான். டேப்லெட்டில் வாத்துப் படத்தைக் காட்டித் தலையை அசைத்தான். "வாத்து இல்ல, கண்ணு. இன்னிக்கு இல்ல." பிறகு வேறு இரண்டு படங்களை எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தான். வீடு. கார் வாஷ்.

காத்திருந்தான். ஓடெட் டீச்சர் பெற்றோருக்கு வைத்த வகுப்பில் அவன் கற்றது இது ஒன்றுதான். "கேட்டுட்டு உடனே பேசாதீங்க. மனசுக்குள்ள ஒரு பாட்டு வரி பாடுங்க. அவளுக்கு யோசிக்க இடம் விடுங்க." மற்ற பெற்றோர்கள் திணறினார்கள். பேசாமல் இருப்பது ஆர்லனுக்குக் கை வந்த கலை.

பிரிட்டாவின் ஆட்டம் தளர்ந்தது. விரல் நீண்டது. "கார் வாஷ்," என்றது டேப்லெட்.

குளிர்காலத்தில் பனி உருக ரோட்டில் தூவும் உப்பெல்லாம் ஒட்டி வெள்ளை பூத்துக் கிடந்த வண்டி, நுரைக்குள் நுழைந்தது. பெரிய நீலத் தூரிகைகள் கண்ணாடி மேல் புரண்டன. பிரிட்டா இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் ஒட்டவைத்து வாய் திறந்து சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு. வெளியே வெயிலுக்கு வந்ததும் அவனைத் திரும்பிப் பார்த்தாள். நேராக, கண்ணுக்குள். பிறகு தொட்டாள்.

"மறுபடியும்."

மறுபடியும் போனார்கள். அதற்குப் பிறகு இன்னொரு மறுபடியும். கல்லாவில் இருந்த பையன், "அண்ணே, பெயின்ட் உரிஞ்சுடப் போகுது," என்றான்.

*

வீட்டுச் சந்தில் உருகிக் கிடந்த சேறு வண்டியில் மறுபடி அப்பிக்கொண்டது. உள்ளே போனதும் க்வென் பிரிட்டாவைச் சாப்பாட்டு மேசைக்கு அழைத்துக்கொண்டாள். கூட்டத்துக்கு முன்னால் ஒரு தடவை என்று பலகையை வைத்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வா கண்ணம்மா. எங்க போனீங்க நீயும் அப்பாவும்? அம்மாகிட்ட சொல்லு."

ஆர்லன் சமையலறைத் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தான். முதுகு அவர்கள் பக்கம் இருந்தது.

நோரீன் எழுத்துகளைச் சேர்த்து உரக்கப் படித்தாள். "ஏரி. வாத்துகள். தண்ணீர் சாம்பல் நிறம்."

ஆர்லனின் கை குழாய்க்கடியில் அப்படியே நின்றது.

"சாம்பல் நிறம்!" நோரீனின் குரல் குழைந்தது. "கவிதை மாதிரி பேசறா பாரு, க்வென்."

"இன்னும் சொல்லு, பட்டு. அப்பா என்ன பண்ணார்?"

ஆர்லன் திரும்பினான். பிரிட்டாவைப் பார்த்தான். அவள் பலகையைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, கூரை விளிம்பிலிருந்து சொட்டும் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை அவன் முன்பே கவனித்துக் கேட்டதுண்டு. "ஓரக்கண்ணால பார்ப்பா, அவளுக்கு அது போதும்," என்று நோரீன் அடித்துச் சொல்லியிருந்தாள்.

இன்று அவன் வேறொன்றைப் பார்த்தான். க்வென்னின் கண்கள். அவை ஒரு எழுத்தில் போய் நின்றன. பிறகு விரல் அங்கே வந்தது. அடுத்த எழுத்து. முதலில் கண்கள், பின்னால் விரல். கன்றுக்குட்டியைக் கயிற்றில் பிடித்துப் போவதுபோல. பிடித்துப் போகிறவளுக்கே கயிறு தன் கையில் இருப்பது தெரியவில்லை.

"அப்பா பேசவில்லை," என்று நோரீன் படித்தாள். "பக்கத்தில் இருந்தும் தூரமாக இருந்தார்." படித்துவிட்டு அவனை ஒரு பார்வை பார்த்தாள். "பெத்த பொண்ணே சொல்லிட்டா. கேட்டுக்கோ."

க்வென் பிரிட்டாவின் உச்சியில் முத்தமிட்டாள். கண்ணோரம் ஈரம். "அவருக்கு அப்படித்தாம்மா. மனசுல எல்லாம் இருக்கும்."

ஆர்லன் கையைத் துடைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனான். பாதி கழற்றிய கார்புரேட்டரை எடுத்தான், வைத்தான். திருகாணி டப்பாவைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பப் பொறுக்கினான். பூட்ஸைக் கழற்றி மாட்டினான்.

நாங்கள் ஏரிக்கே போகவில்லை. ஒரு வாக்கியம்தான். சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் அது போய் நிற்கும் இடம் எது? "அம்மா, நான் உள்ளேதான் இருக்கிறேன்" என்பதைப் போய் உடைக்கும். அதை ஒரு தாயிடமிருந்து எப்படிப் பறிப்பது? சொல்லாவிட்டால், சாயங்காலத்துக்குள் அந்தச் சிரித்த முகத்திலிருந்து "மறுபடியும்" பறிபோகும்.

மாடிக்குப் போனான். க்வென் கண்ணாடி முன்னால் காதணி மாட்டிக்கொண்டிருந்தாள். அவசரத்தில் துளை அகப்படவில்லை.

"க்வென்."

"இரு இரு. முதல்ல இதைக் கேளு. 'என் மகளுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கு. அவளைப் படங்களுக்குள்ள அடைச்சு வைக்காதீங்க.' எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"என்ன சொல்ல வந்தே?"

அவன் அந்தக் காதணியை வாங்கி மாட்டிவிட்டான். "ஒண்ணுமில்ல. நேரமாச்சுன்னு."

*

க்வென்னின் காரில் போனார்கள். வகுப்பறையில் பிள்ளைகள் எல்லாரும் போயிருந்தார்கள். ஓடெட் டீச்சர் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். குள்ளமான, உரத்த குரல் இல்லாத பெண்மணி. ஸ்வெட்டரில் யாரோ ஒரு பிள்ளையின் பெயின்ட் கை அச்சு.

க்வென் தான் தயார் செய்ததை ஒரு சொல் விடாமல் சொன்னாள். டீச்சர் குறுக்கிடாமல் கேட்டார். பிரிட்டா மூலையில் உட்கார்ந்து மணி கோத்த சரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். டேப்லெட் மேசை நடுவில் இருந்தது.

"நானும் கையைப் பிடிச்சுத்தான் ஆரம்பிக்கிறேன்," என்றார் ஓடெட் டீச்சர். "ஜிப் போட, பல்லு தேய்க்க, எல்லாத்துக்கும். முதல்ல அவ கையைப் பிடிப்பேன். அப்புறம் முழங்கையைத் தொடுவேன். அப்புறம் வெறும் ஜாடை. கடைசில நான் அந்தப் பக்கமே இருக்க மாட்டேன். எப்ப விடறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் நாங்க பிடிக்கவே செய்யறோம். நோரீன், இந்தப் பலகையில கையை எப்ப விடுவீங்க?"

"எதுக்கு விடணும்?" நோரீன் நிமிர்ந்தாள். "பிடி அவளுக்குத் தைரியம். குருடனோட கோலைப் பிடுங்குவீங்களா?"

"கோல் பேசாதுங்க. இதை நிறைய பேர் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. பிடிக்கிறவங்களுக்கு ஒரு படம், குழந்தைக்கு வேற படம் காட்டினாங்க. பலகையில வந்தது பிடிக்கிறவங்க பார்த்த படம்தான். அவங்க யாரும் ஏமாத்துக்காரங்க இல்ல. அவங்க கை நகர்றது அவங்களுக்கே தெரியல. நாமளும் இங்க அப்படி ஒரு தடவை..."

"பரீட்சையா? நம்பிக்கை இல்லாத இடத்துல அவ வாயைத் திறக்கவே மாட்டா. இது அவளுக்கு அவமானம்!"

"பரீட்சை அவளுக்கு இல்ல. நமக்கு."

க்வென்னின் கழுத்து சிவந்துவிட்டது. "டீச்சர், நீங்க எங்க வீட்டுல வந்து பார்க்கல. இன்னிக்குக் காலைல ஏரிக்குப் போனதைக்கூட வந்து சொன்னா. தண்ணி சாம்பல் நிறம்னு சொன்னா. ஆர்லன், நீதானே கூட இருந்தே? சொல்லேன்."

மூன்று முகங்களும் அவன் பக்கம் திரும்பின.

ஆர்லன் தொப்பியை முழங்காலில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினான்.

"நாங்க ஏரிக்குப் போகல, க்வென்."

"என்ன?"

"ரோட்டுல பனிக்கட்டி. லைல் திருப்பி அனுப்பிட்டான். கார் வாஷுக்குப் போனோம்."

க்வென் நாற்காலியோடு அவன் பக்கம் திரும்பினாள்.

"வாத்து?"

"ஒண்ணுகூட இல்ல."

நோரீன்தான் முதலில் சுதாரித்தாள். "அவ போக ஆசைப்பட்டதைச் சொல்லியிருக்கா. கற்பனை. பெரிய பெரிய எழுத்தாளருக்கெல்லாம்..."

"அக்கா, சும்மா இரு." க்வென் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தொட்டிகிட்ட நின்னியே. கேட்டுட்டுத்தானே இருந்தே? கேட்டுட்டு, மாடிக்கு வந்து, எனக்குக் காதணி மாட்டிவிட்டே."

"சொல்லத்தான் வந்தேன்."

"நீ எப்பவும் வருவே, ஆர்லன். வந்துட்டுப் போயிடுவே."

அவள் எழுந்தாள். வெளியே போய்விடுவாள் என்று ஆர்லன் நினைத்தான். அவள் பையிலிருந்து பலகையை எடுத்தாள். பிரிட்டாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வழக்கம்போல மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கண்ணம்மா, இன்னிக்கு எங்க போனே?"

கேட்டுவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

விரல் பலகை மேல் நின்றது. ஒரு எழுத்தைத் தொட்டது. விளிம்புக்குப் போய்ப் பலகைக்கு வெளியே க்வென்னின் மடியைத் தொட்டது. மறுபடி ஒரு எழுத்து, அதே எழுத்து, அதே எழுத்து. ஆர்லன் எல்லாவற்றையும் பார்த்தான். ஒரு சொல்கூடச் சேரவில்லை.

"படிங்க யாராவது," என்றாள் க்வென், கண்ணைத் திறக்காமல்.

யாரும் படிக்கவில்லை.

"அக்கா, படி."

நோரீன் கைப்பையைத் திறந்தாள். மூடினாள். "நீ பதட்டத்துல இருக்கே. பிடி சரியில்ல," என்றாள். அவள் சொன்னதை அவளே நம்புவதாகத் தெரியவில்லை. "நான் கார்ல இருக்கேன்," என்று எழுந்து போனாள். கதவை அறையவில்லை, அதுவே நோரீனுக்குப் பெரிய காரியம்.

க்வென் கையை விட்டாள். விடுவது அவளுக்குச் சுலபமாக இல்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பதுபோல இருந்தது. பிரிட்டா விடுபட்ட மணிக்கட்டைத் தொடையில் தேய்த்துக்கொண்டாள். எழுந்து மேசைக்கு வந்தாள். டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்து, திரையில் ஒரு பக்கம் தள்ளி, இன்னொரு பக்கம் தள்ளித் தேடினாள்.

"சிப்ஸ்," என்றது டேப்லெட்.

ஓடெட் டீச்சர் அலமாரியைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். பிரிட்டா அதைப் பிரித்து, நின்றபடியே சாப்பிட்டாள்.

க்வென்னுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்கின. "இவ்வளவுதானா? டீச்சர், இவ்வளவுதான் இருக்கா இவகிட்ட?"

"எவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. யாருக்கும் தெரியாது." டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இது அவ தானா கேட்டது. இங்கருந்து மேல போலாம். எழுத்தும் சொல்லிக் கொடுக்கலாம், நீங்க ஆசைப்பட்டா. விசைப்பலகையை வச்சு, கை பிடிக்காம. மெதுவாத்தான் போகும். உங்களுக்குக் கோபம் வர்ற அளவுக்கு மெதுவா."

"அப்போ, 'உள்ளேதான் இருக்கிறேன்'னு சொன்னது..." க்வென் முடிக்கவில்லை. ஆர்லன் பக்கம் திரும்பினாள். "உன் கையைப் பத்தி வந்ததே. அது?"

"நீதான்," என்றான் ஆர்லன். "காலைல இருந்து யோசிச்சேன். நீதான்." தயங்கி, ஓடெட் டீச்சர் இருப்பதையும் மறந்து, "எனக்கு அது போதும், க்வென்," என்றான். வருடக்கணக்கில் அவன் மனைவியிடம் பேசியதிலேயே நீளமான காதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

க்வென்னின் முகம் மலரவில்லை. ஏதோ ஒன்றை நினைத்துப் பார்க்கிறவள்போல, அது என்னவென்று தெரிந்து பயந்தவள்போல, மெல்ல வெளுத்தது.

டேப்லெட் வகுப்பிலேயே இருக்கட்டும் என்று அவளே சொன்னாள். சீக்கிரமாகச் சொன்னாள். டீச்சர் பிரிட்டாவுக்குக் கை கழுவிவிட அழைத்துப் போனதும் கோட்டை எடுத்துக்கொண்டு நடைவழிக்கு வந்துவிட்டாள்.

ஆர்லன் பின்னால் வந்தான். "வீட்டுக்குப் போற வழியில கறி அடைச்ச பேஸ்டி வாங்கிக்கலாம். நீ சமைக்க வேண்டாம் இன்னிக்கு."

"ஆர்லன், செவ்வாய்க்கிழமை ஒண்ணு வந்துது."

"என்ன ஒண்ணு?"

"பலகையில. நீ பட்டறையில இருந்தே, அக்கா குளிச்சிட்டு இருந்தா. நானும் இவளும் மட்டும்தான். உங்கிட்ட காட்டல. யார்கிட்டயும் காட்டல."

நடைவழியின் கடைசியில் தண்ணீர்க் குழாயின் சத்தம். பிரிட்டாவின் ரீங்காரம், இது சந்தோஷ ரீங்காரம்.

"என்ன வந்துது, க்வென்?"

அவள் கோட்டுப் பொத்தானைப் போட்டாள். கழற்றினாள்.

"'அம்மா, நாம ரெண்டு பேரும் இந்த வீட்டை விட்டுப் போயிடலாம்.'" அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அவ கேக்கறான்னுதான் நான் நினைச்சேன், ஆர்லன். சத்தியமா, அவதான் கேக்கறான்னு நினைச்சேன்."